பெரியவர்களுக்கு இணையத்தில் பாடம் நடத்துகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2020 ஊரடங்கின்போது பள்ளிப் பிள்ளைகளின் இணைய வகுப்பைப் பற்றி நாடே பேசியது. தையல், கணக்கு, ஜிஎஸ்டி, யோகா, செவிலியர் பயிற்சி என்று பெரியவர்களுக்கான வகுப்புகளும் அதே நாட்களில் கைபேசிக்குள் குடியேறின. பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிவிட்டார்கள். பெரியவர்களின் வகுப்புகளில் பல இன்னும் இணையத்திலேயே நடக்கின்றன. வேலையையும் குடும்பத்தையும் விட்டுவிட்டு வெளியூர் போய்ப் படிக்க முடியாதவர்களுக்கு இதைவிட்டால் வேறு வழியும் இல்லை.

இப்படி வகுப்பு நடத்த வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. யார் வந்தாலும் சந்தேகங்கள் ஒன்றுபோலவே இருப்பதால் அவற்றைத் தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். எடுத்துக்காட்டுகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வகுப்புகளையே எடுத்துக்கொள்கிறேன்: சிறு வியாபாரிகளும் கணக்காளர்களும் படிக்கும் ஜிஎஸ்டி வகுப்பு, வீட்டிலிருந்தபடி ரவிக்கை தைக்கக் கற்கும் பெண்களின் தையல் வகுப்பு.

1. நாற்பது வயதுக்கு மேல் புதிதாக ஒன்று மண்டையில் ஏறுமா?

ஏறும். வயதாக ஆக எது குறைகிறது, எது குறைவதில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் அறிவுத்திறனை இரண்டாகப் பிரித்தார். முன்பின் பார்த்திராத புதிரை விரைந்து அவிழ்க்கும் திறன் ஒன்று. படித்தும் பட்டும் சேர்த்த அறிவைப் பயன்படுத்தும் திறன் இன்னொன்று. முதலாவது இளமையில் உச்சம் தொட்டு மெல்ல இறங்குகிறது. சொல்வளம், தொழிலறிவு போன்ற இரண்டாவது நடுவயதைத் தாண்டியும் வளர்கிறது. ஐம்பது வயதுக்காரருக்குச் சற்றுக் கூடுதல் நேரம் தேவைப்படலாம். ஒரே மூச்சில் பத்துப் புதிய செய்திகளைக் கொட்டினால் அவர் தடுமாறவும் கூடும். ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு முடிச்சுப் போட்டுச் சொன்னால் உறுதியாகப் பிடித்துக்கொள்வார்.

புதுக்கோட்டையை நினைத்துப் பாருங்கள். 1991இல் அங்கே ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. விவசாயக் கூலிகளும் கல்குவாரித் தொழிலாளிகளும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் பிள்ளைகளை அழைத்துப் போகவும் அது உடனே உதவியது. கற்றது மறுநாளே கைகொடுத்தால் வயது ஒரு தடையாக நிற்பதில்லை.

2. பெரியவர்களுக்குக் கற்பிப்பது, பள்ளிக்கூடத்தில் கற்பிப்பதிலிருந்து உண்மையிலேயே வேறுபட்டதா?

வேறுபட்டது என்று உரத்துச் சொன்னவர் அமெரிக்கரான மால்கம் நோல்ஸ். பெரியவர்களின் கல்விக்கான தம் அணுகுமுறையை அவர் ‘ஆண்ட்ரகாஜி’ என்று அழைத்தார். அந்தச் சொல் 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் இருந்தது, பரப்பியவர் நோல்ஸ்தான். அவர் சொன்னவற்றின் சாரம் இது: இதை ஏன் கற்க வேண்டும் என்று பெரியவர் முதலில் தெரிந்துகொள்ள விரும்புகிறார். தன் முடிவுகளைத் தானே எடுத்துப் பழகியவர் என்பதால் அதட்டலை ஏற்கமாட்டார். கை நிறைய அனுபவத்தோடு வருகிறார். வாழ்க்கையில் ஒரு தேவை எழும்போது கற்கத் தயாராகிறார். பாடத்தலைப்பைவிடத் தன் பிரச்சினையைத் தீர்ப்பதே அவருக்கு முக்கியம். மதிப்பெண், பரிசைவிட உள்ளிருந்து வரும் ஆசையே அவரை இழுத்துச் செல்கிறது.

இவை எல்லாருக்கும் எப்போதும் பொருந்தும் சட்டங்கள் அல்ல. சிறுவர்களும் காரணம் கேட்பார்கள். பெரியவர்களும் மேலதிகாரி அனுப்பினார் என்பதற்காக வந்து உட்கார்வார்கள். நோல்ஸே பின்னாளில் தம் கருத்தைத் தளர்த்திக்கொண்டார். சிறுவர் கல்வியும் பெரியவர் கல்வியும் எதிரெதிர் துருவங்கள் என்பது போல் 1970இல் எழுதியவர், 1980இல் இரண்டும் ஒரே கோட்டின் இரு முனைகள் என்ற நிலைக்கு வந்தார். ஆகவே இந்த ஆறையும் வகுப்புக்கு முன் சரிபார்க்கும் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். இவற்றில் நீங்கள் அதிகமாக மறக்கப்போவது முதலாவதைத்தான்.

3. முதல் வகுப்பில் என்ன செய்ய வேண்டும்? அறிமுகத்திலேயே பாதி நேரம் போய்விடுகிறதே?

பெயர், ஊர், படிப்பு என்று முப்பது பேரை வரிசையாகப் பேச விடாதீர்கள். ஒரே கேள்வி போதும்: “இந்த வகுப்பு முடிந்ததும் நீங்களே தனியாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கும் ஒரு வேலை என்ன?” எல்லோரும் உரையாடல் பெட்டியில் ஒரு வரி எழுதட்டும். “ஆடிட்டரிடம் கேட்காமல் ரிட்டர்ன் போட வேண்டும்”, “என் மகளின் வளைகாப்புக்கு நானே தைக்க வேண்டும்” என்று வரும். அந்த வரிகளைச் சேமித்து வையுங்கள். உங்கள் பாடத்திட்டத்தை அவற்றை வைத்துத்தான் திருத்தப்போகிறீர்கள்.

மைக்கை எப்படி அணைப்பது, கையை எப்படி உயர்த்துவது, தொடர்பு அறுந்தால் எப்படித் திரும்பி வருவது என்ற மூன்றையும் அன்றே பழக்கிவிடுங்கள். இணையவழிக் கற்றலை ஐந்து படிகளாக விளக்கிய ஜில்லி சால்மன், உள்ளே நுழைவதையும் ஆர்வம் பெறுவதையும் முதல் படியாக வைத்தார். பொத்தானைத் தேடித் தவிப்பவர் காதில் பாடம் விழாது. எல்லார் முன்னிலும் தவிப்பது பெரியவர்களுக்குக் கூச்சம் தரும். வகுப்புக்கு முந்தைய நாளே பத்து நிமிட ஒத்திகை வைத்தால் இன்னும் நல்லது.

4. ஒரு மணி நேர வகுப்பில் நான் எவ்வளவு நேரம் பேசலாம்?

இத்தனை நிமிடம்தான் மனிதரின் கவனம் நிற்கும் என்று அடித்துச் சொல்லும் எண் எதையும் நம்பாதீர்கள். கடிகாரத்தைவிடச் செய்தியின் சுமையைப் பாருங்கள். நினைவில் ஒரே நேரத்தில் வைத்துக் கையாளக்கூடிய புதிய செய்திகள் மிகச் சில என்பதே ஜான் ஸ்வெல்லரின் அறிச்சுமைக் கோட்பாட்டின் அடிப்படை. மூன்று நான்கு புதிய செய்திகள் சேர்ந்ததும் நிறுத்துங்கள். கற்பவர் அவற்றை வைத்து ஏதாவது ஒன்று செய்யட்டும்: ஒரு பில்லில் வரியைக் கணக்கிடட்டும், காகிதத்தில் ஒரு கழுத்து வளைவை வரையட்டும். பிறகு தொடருங்கள். இப்படி நடத்தினால் அறுபது நிமிடத்தில் உங்கள் குரல் முப்பது நிமிடத்தைத் தாண்டாது.

ஸ்லைடில் முழு வாக்கியங்களை எழுதி, அவற்றையே வாய்விட்டு வாசிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கண் ஒரு வேகத்தில் படிக்கிறது, காது இன்னொரு வேகத்தில் கேட்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே கற்பவரின் உழைப்பு வீணாகிறது. படத்தோடு குரல் சேர்ந்தால் நன்றாகப் பதிகிறது என்றும், அதே சொற்களைத் திரையிலும் எழுதிக்காட்டினால் பெரும்பாலும் பலன் குறைகிறது என்றும் ரிச்சர்ட் மேயரின் சோதனைகள் காட்டின. பாடமொழியில் தடுமாறுபவர்களுக்கு எழுத்து துணைசெய்யும். அவர்களுக்காகக் கலைச்சொற்களை மட்டும் திரையில் வையுங்கள்.

5. எல்லாவற்றையும் காணொளியாகப் பதிவு செய்து அனுப்பிவிட்டால் போதாதா? நேரலை எதற்கு?

செய்முறையைக் காட்டுவதற்குப் பதிவுக் காணொளி மிகச் சிறந்தது. நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், இரவு பதினொரு மணிக்கும் பார்க்கலாம். சிறியதாக எடுங்கள். இணையப் பாடங்கள் வழங்கும் எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை அலசி 2014இல் வெளியான ஆய்வில், ஆறு நிமிடத்துக்குட்பட்டவற்றையே மக்கள் முழுதாகப் பார்த்தார்கள் என்று தெரிந்தது. கையால் வரைந்துகொண்டே பேசும் காணொளி, வெறும் ஸ்லைடுகளைவிட அதிகம் ஈர்த்தது என்பதும் அதில் வெளிப்பட்டது. விலை உயர்ந்த படப்பிடிப்புத் தளம் உங்களுக்குத் தேவையில்லை.

காணொளி மட்டுமே போதுமா என்றால், பெரும்பாலானவர்களுக்குப் போதாது. 2012இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் மின்சுற்றுப் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்தபோது ஏறக்குறைய 1,55,000 பேர் பதிவு செய்தார்கள். தேர்ச்சி பெற்றவர்கள் 7,157 பேர். எல்லோரும் முடிக்கும் எண்ணத்தோடு வந்தவர்கள் அல்லர் என்பது உண்மைதான். ஆனாலும் யாரும் தன்னைத் தேடாத இடத்திலிருந்து நழுவிப்போவது எளிது. தொலைநிலைக் கல்வியில் மூன்று உறவுகள் வேண்டும் என்று மைக்கேல் மூர் 1989இல் எழுதினார்: கற்பவருக்கும் பாடத்துக்கும், கற்பவருக்கும் ஆசிரியருக்கும், கற்பவர்களுக்கிடையே. காணொளி தருவது முதலாவதை மட்டும். மற்ற இரண்டுக்காகத்தான் நேரலை, குழு, தொலைபேசி எல்லாம்.

6. கேள்வி கேட்டால் யாருமே பதில் சொல்வதில்லை. கல்லைப் போல இருக்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் நீங்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று உங்கள் பதிவைப் போட்டுப் பாருங்கள். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை என்று மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளில் அளந்து கண்டார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, அதிகம் பேர் பேசினார்கள். இணையத்தில் மூன்று விநாடி எந்த மூலைக்கு? ஒலி போய்ச் சேர வேண்டும், மைக்கைத் திறக்க வேண்டும், “நான் பேசலாமா, வேறு யாராவது பேசுவார்களா” என்ற தயக்கம் தீர வேண்டும். மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். அந்த மௌனம் உங்களை உறுத்தும் அளவுக்கு அவர்களை உறுத்தாது.

அடுத்து, கேட்கும் கேள்வியை மாற்றுங்கள். “புரிந்ததா?” என்பதற்குப் பெரியவர்கள் ஒருபோதும் “இல்லை” என்று சொல்லமாட்டார்கள், அதைக் கேட்பதையே நிறுத்திவிடுங்கள். “இந்த பில்லில் தவறு எந்த வரியில் இருக்கிறது? வரி எண்ணை மட்டும் எழுதுங்கள்” என்று கேளுங்கள். எல்லோரும் விடையை எழுதி வைத்துக்கொண்டு, நீங்கள் சொன்ன பிறகு ஒரே நேரத்தில் அனுப்பட்டும். அடுத்தவர் விடையைப் பார்த்து மாற்றவும் முடியாது. தவறு செய்தவர் தனியாகத் தெரியவும் மாட்டார். தவறான விடைகளில் எது அதிகம் வந்ததோ அதிலிருந்து விளக்கத்தைத் தொடங்குங்கள். பெயரைச் சொல்லாதீர்கள்.

7. கேமராவை ஆன் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா?

வேண்டாம். ஒரே அறையில் மாமியாரும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டிலிருந்து ஒரு பெண் கலந்துகொள்வார். கடையில் வாடிக்கையாளருக்குச் சாமான் எடுத்துக் கொடுத்தபடி ஒருவர் கேட்பார். டேட்டா தீர்ந்துவிடும் என்று கணக்குப் பார்ப்பவரும் இருப்பார். முகம் தெரிவது கவனத்துக்குச் சான்றும் அல்ல. 6ஆம் கேள்வியில் சொன்னபடி எழுத வைத்தால் யார் உடன் வருகிறார்கள் என்று கேமரா இல்லாமலேயே தெரிந்துவிடும்.

காணொளிச் சந்திப்பு ஏன் இவ்வளவு களைப்பூட்டுகிறது என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் விளக்கினார். நெருக்கத்தில் முறைக்கும் பல முகங்கள், நாள் முழுவதும் தன் முகத்தையே பார்ப்பது, அசையாமல் உட்கார்வது, சைகைகளைப் புரிந்துகொள்ளக் கூடுதல் முயற்சி ஆகிய நான்கையும் அவர் காரணமாகக் காட்டினார். தன் முகம் தனக்குத் தெரியாமல் மறைக்கும் வசதி பெரும்பாலான செயலிகளில் இருக்கிறது. அதைக் கற்றுக்கொடுங்கள். உங்கள் கேமரா மட்டும் கட்டாயம் திறந்திருக்க வேண்டும்.

8. எனக்கு இருபத்தைந்து வயது. வகுப்பில் எல்லோரும் என் அப்பா, அம்மா வயது. எப்படிக் கூப்பிடுவது, எப்படித் திருத்துவது?

முதல் நாளே அவர்களிடம் கேட்டுவிடுங்கள். சிலருக்கு “ஐயா”, “அம்மா” பிடிக்கும். சிலர் “சார்” என்பதையே விரும்புவார்கள். தையல் வகுப்பில் “அக்கா” என்றால்தான் மனம் திறப்பார்கள். ஒரு வகுப்புக்கு ஒரே முறையை வையுங்கள். ஒருவரை “சார்” என்றும் அடுத்தவரைப் பெயர் சொல்லியும் அழைத்தால் அந்த வேறுபாட்டை அவர்கள் நிச்சயம் கவனிப்பார்கள். படிப்பு குறைந்தவரை வெறும் பெயரால் அழைப்பது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். அதை வகுப்புக்குள் வர விடாதீர்கள்.

திருத்தம் எல்லோர் முன்னிலையிலும் வேண்டாம். “இந்த இடத்தை இன்னொரு முறை பாருங்கள்” என்று தனிச்செய்தியில் எழுதுங்கள், அல்லது குரல்பதிவு அனுப்புங்கள். குரலில் கனிவு தெரியும், எழுத்தில் கடுமையாகத் தோன்றும். வயதுக்குப் பயந்து தவறைத் திருத்தாமல் விடுவது மட்டும் கூடாது. தவறான ரிட்டர்னுக்கு அபராதம் கட்டப்போவது அவர்தான்.

9. தேர்வு வைத்தால் அவமானமாக நினைப்பார்களே? மீண்டும் ஒருமுறை பாடத்தை நடத்தினால் போதாதா?

போதாது. இதற்கு மிகத் தெளிவான சான்று இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பத்தியை இருமுறை படித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்தவர்களே முந்தினார்கள்: 81 சதவீதத்துக்கு எதிராக 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. இருமுறை படித்தவர்களுக்கு 42 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. திரும்பப் படிக்கும்போது “தெரியும்” என்ற உணர்வு வருகிறது. நினைவிலிருந்து எடுக்கும்போதுதான் உண்மையிலேயே பதிகிறது.

அவமானம் வருவது மதிப்பெண்ணாலும் தரவரிசையாலும். இரண்டையும் நீக்கிவிடுங்கள். ஒவ்வொரு வகுப்பையும் போன வாரப் பாடத்திலிருந்து மூன்று கேள்விகளோடு தொடங்குங்கள். விடையை அவரவர் நோட்டில் எழுதி அவரவரே திருத்திக்கொள்ளட்டும். ஒரு கேள்வி மூன்று வாரத்துக்கு முந்தைய பாடத்திலிருந்து வரட்டும். படித்தது எவ்வளவு விரைவாக மறக்கிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே தம்மையே சோதித்து அளந்தார். இடைவெளி விட்டு நினைவுபடுத்துவதே அதற்கு நமக்குத் தெரிந்த நல்ல மருந்து. எதற்காக இதைச் செய்கிறீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். காரணம் தெரிந்தால் பெரியவர்கள் தாங்களே கேட்டு எழுதுவார்கள்.

10. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிரித்து நடத்த வேண்டுமாமே?

தேவையில்லை. ஒருவருடைய ‘பாணி’க்கு ஏற்பக் கற்பித்தால் அவர் அதிகம் கற்கிறார் என்பதற்குத் தகுந்த சான்று இல்லை என்று ஹரால்ட் பாஷ்லரும் மற்ற மூன்று உளவியலாளர்களும் 2008இல் ஆராய்ந்து எழுதினார்கள். விருப்பம் இருக்கலாம், அது கற்றலை உயர்த்துவதாகக் காட்டப்படவில்லை. வழியைப் பாடம் தீர்மானிக்கட்டும். துணி வெட்டுவதைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும், உச்சரிப்பைக் காதால் கேட்டே ஆக வேண்டும்.

11. எங்கள் பெண்களிடம் சாதாரண ஸ்மார்ட்போன்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பிலேயே வகுப்பு நடத்த முடியுமா?

தாராளமாக. சில பாடங்களுக்கு நேரலையைவிட அது பொருத்தமானது. தையல் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் இரண்டு நிமிடக் காணொளி: கை இணையும் வளைவை எப்படி வரைவது என்று. அன்று மாலைக்குள் ஒவ்வொருவரும் செய்தித்தாளில் வரைந்து வெட்டி, அளவு நாடாவோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். நீங்கள் அந்தப் படத்தின் மேலேயே சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிறீர்கள். துணியைத் தொடுவதற்கு முன் காகிதத்தில் பிழைகள் தீர்ந்துவிடுகின்றன. நேரலையில் முப்பது பேரின் மேசையை உங்களால் பார்க்க முடியாது. படத்தில் ஒவ்வொரு கோணலும் தெரியும்.

ஒழுங்கு மட்டும் கண்டிப்பாக வேண்டும். பாடத்துக்கு ஒரு குழு, அரட்டைக்கு வேறு குழு. பாடக் குழுவில் காலை வணக்கப் படங்கள் விழத் தொடங்கினால் இரண்டே நாளில் பாடம் புதைந்துவிடும். பெண்களின் கைபேசி எண்கள் ஒரு குழுவில் எல்லோருக்கும் தெரியும் என்பதையும் மறக்காதீர்கள். முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள். விரும்பாதவர்களுக்குத் தனிச்செய்தியாக அனுப்புங்கள்.

12. ஆர்வமாகச் சேர்கிறார்கள், பாதியில் நின்றுவிடுகிறார்கள். சோம்பேறித்தனம்தானே?

அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். பெரியவர்களின் படிப்புக்கு வரும் தடைகளை பாட்ரிசியா கிராஸ் 1981இல் மூன்று வகையாகப் பிரித்தார். முதலாவது வாழ்க்கைச் சூழல்: பணம், நேரம், வீட்டு வேலை, நோயாளிப் பெற்றோர். இரண்டாவது நிறுவனம் வைக்கும் தடை: பொருந்தாத நேரம், புரியாத விண்ணப்பம், மொழி. மூன்றாவது மனம்: “எனக்குப் படிப்பு வராது” என்று பள்ளியில் விழுந்த வடு. முதலாவதை உங்களால் மாற்ற முடியாது. இரண்டாவது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. மாதாந்திர ஜிஎஸ்டி தாக்கலில் விற்பனை விவரத்துக்கு 11ஆம் தேதி, வரி கட்டுவதற்கான 3பி படிவத்துக்கு 20ஆம் தேதி கடைசி நாள். அந்த இரண்டு தேதிகளையும் ஒட்டிக் கணக்காளர்களுக்கு வகுப்பு வைத்தால் யார் வருவார்கள்? முகூர்த்த நாட்களிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் தையல்காரருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. நாட்காட்டியைப் பார்த்துவிட்டு அட்டவணை போடுங்கள்.

திரும்பி வரும் வழியையும் முன்பே திறந்து வையுங்கள். இரண்டு வகுப்பு விட்டவர் மூன்றாவதற்கு வரக் கூச்சப்படுவார். விட்டதை எங்கே பார்ப்பது என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்து, “எங்கே விட்டீர்களோ அங்கிருந்து தொடரலாம்” என்று ஒரு தொலைபேசி அழைப்பு செய்யுங்கள். காரணம் விசாரிக்க வேண்டாம். முதலாவது விடுப்பிலேயே அழைப்பது நல்லது. நான்காவதுக்குப் பிறகு அழைத்தால் பெரும்பாலும் பலனில்லை.

13. பெரியவர்கள் தாங்களே கற்பவர்கள் என்று 2ஆம் கேள்வியில் சொன்னீர்கள். அப்படியானால் தலைப்பை மட்டும் கொடுத்துவிட்டு, தேடிக் கற்கட்டும் என்று விட்டுவிடலாமே?

நோல்ஸைப் படித்தவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. தன் வாழ்க்கையைத் தானே நடத்துகிறவர், புதிய பாடத்தையும் தானே நடத்திக்கொள்வார் என்று பொருளல்ல. முப்பது வருடம் கடை நடத்தியவர்கூட ஜிஎஸ்டி இணையதளத்துக்கு முன் புதியவர்தான். புதியவர்களுக்கு வழிகாட்டல் குறைந்த முறைகள் பலன் தருவதில்லை என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் அழுத்தமாக வாதிட்டார்கள். அந்த வாதத்துக்கு மறுப்புகளும் எழுந்தன. இருந்தாலும், தொடக்கத்தில் முழுதாகச் செய்து காட்டிய எடுத்துக்காட்டு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 4ஆம் கேள்வியில் சொன்ன சுமைதான் காரணம்: எதைத் தேடுவது என்றே தெரியாதவர், தேடுவதிலேயே களைத்துவிடுவார்.

ஜெரால்ட் குரோ 1991இல் இதற்கு ஒரு நல்ல வழி சொன்னார். கற்பவர் ஆசிரியரைச் சார்ந்திருக்கும் நிலையிலிருந்து ஆர்வம், ஈடுபாடு, தன்னாட்சி என்று படிப்படியாக நகர்கிறார். ஆசிரியரும் அதற்கேற்பத் தன் பிடியைத் தளர்த்த வேண்டும். முதல் ரிட்டர்னை நீங்கள் முழுதாகச் செய்து காட்டுங்கள். இரண்டாவதில் கடைசி இரண்டு கட்டங்களை அவர் நிரப்பட்டும். மூன்றாவதில் பாதி. நான்காவதை அவர் செய்ய நீங்கள் பார்த்திருங்கள். எதற்காகக் கற்பது, எதை முதலில் கற்பது, எப்போது கற்பது என்ற முடிவுகளில் அவருக்கு முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு.

14. “இருபது வருடமாக இப்படித்தான் செய்கிறேன், நீங்கள் சொல்வது சரிவராது” என்கிறார் ஒருவர். மற்றவர்களும் அவர் பக்கம் சாய்கிறார்கள்.

அனுபவம் கற்றலுக்குத் துணை என்று எல்லாக் கோட்பாடுகளும் சொல்கின்றன. அதே அனுபவம் கதவை அடைக்கவும் செய்யும். இதை ஆழமாகப் பார்த்தவர் ஜாக் மெசிரோ. நடுவயதில் கல்லூரிக்குத் திரும்பிய அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்து, 1978இல் தம் கோட்பாட்டை முன்வைத்தார். நாம் உலகைப் பார்க்கும் சட்டகம் பழக்கத்தால் இறுகிவிடுகிறது; அதற்குள் அடங்காத ஒரு நிகழ்வு நம்மைக் குலுக்கும்போதுதான் அந்தச் சட்டகத்தையே கேள்வி கேட்கிறோம் என்றார். வாதத்தால் அந்தக் குலுக்கல் வராது. நீங்கள் வாதாடினால் அவர் தன் மானத்தைக் காக்க வேண்டிய நிலைக்குப் போய்விடுவார், பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

எடுத்துக்காட்டு சொல்கிறேன். வாங்கிய பில் கையில் இருந்தால் இன்புட் கிரெடிட் (வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுத்துக்கொள்ளலாம் என்று பழைய கணக்காளர்கள் பலர் உறுதியாக நம்புகிறார்கள். 2022 ஜனவரி 1 முதல், விற்றவர் அந்த பில்லைத் தன் கணக்கில் ஏற்றி, அது வாங்கியவருக்காக ஜிஎஸ்டி இணையதளம் தயாரிக்கும் 2பி அறிக்கையில் தெரிந்தால்தான் கிரெடிட். “நீங்கள் தவறு” என்று சொல்லாதீர்கள். “உங்கள் போன மாத பில்களையும் 2பி அறிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், எத்தனை பில் விடுபட்டிருக்கிறது?” என்று கேளுங்கள். தன் கணக்கில் தானே இடைவெளியைக் காண்பவர் அடுத்த கேள்வியைத் தானே கேட்பார்.

அதன் பிறகு அவருடைய இருபது வருடத்துக்கு உரிய இடம் கொடுங்கள். விற்றவரிடம் பேசி பில்லை ஏற்ற வைப்பது எப்படி என்பது உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். அதை வகுப்புக்குச் சொல்லச் சொல்லுங்கள். கற்பவரை ஆசிரியர் பணம் போட்டு நிரப்பும் வங்கிக் கணக்காக நடத்தும் கல்வியை, கல்வியாளர் பாவ்லோ ஃபிரேய்ரே வாழ்நாள் முழுவதும் எதிர்த்தார். 1963இல் பிரேசிலின் ஆன்ஜிகோஸ் என்ற ஊரில் உழைக்கும் மக்களுக்கு எழுதப் படிக்கக் கற்பித்தபோது, அவர்கள் வாழ்க்கையில் புழங்கும் சொற்களிலிருந்தே அவருடைய குழு பாடத்தைத் தொடங்கியது. ஜிஎஸ்டி வகுப்புக்கும் அது பொருந்தும்: பாடநூலின் கற்பனைக் கம்பெனியை எடுத்துவிட்டு அவருடைய கடை பில்லை வையுங்கள்.

15. ஒருவரே பேசிக்கொண்டிருக்கிறார். எப்படி நிறுத்துவது?

பேச்சை வெட்டாமல் வேலையைக் கொடுங்கள். “மற்றவர்கள் சொல்வதைத் தொகுத்துக் கடைசியில் நீங்கள் சொல்ல வேண்டும்” என்றால் அவர் கேட்கத் தொடங்குவார். நான்கு நான்கு பேராகச் சிறு அறைகளுக்குப் பிரித்தால், பேசத் தயங்கும் மற்றவர்களுக்கும் வாய்ப்புக் கிடைக்கும்.

16. வீட்டுப்பாடத்தை ஏஐ செயலியில் எழுதி வாங்கி அனுப்புகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பாதீர்கள். நேர்மையாக எழுதியவரை அவை குற்றவாளியாக்கும். பெரியவரைப் பொய்யர் என்று சொல்லிவிட்டால் அவர் திரும்பி வரமாட்டார். வீட்டுப்பாடத்தை மாற்றுவதே வழி. “ஜிஎஸ்டியின் நன்மைகள் பற்றி ஒரு பக்கம்” என்று கேட்டால் எந்திரம்தான் எழுதும். “உங்கள் கடையின் போன மாத பில்களில் ஒன்றை எடுத்து, அதில் வரி எப்படிப் பிரிந்திருக்கிறது என்று இரண்டு நிமிடக் குரல்பதிவில் விளக்குங்கள்” என்று கேட்டால் அவர்தான் செய்ய வேண்டும். 9ஆம் கேள்வியில் சொன்ன மூன்று கேள்விகளும் இதற்குத் துணைநிற்கும்.

புரியாத ஒரு பத்தியை எளிய தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பதற்கு அவர்கள் ஏஐயைப் பயன்படுத்தட்டும். வரி விகிதம், கடைசித் தேதி போன்றவற்றை மட்டும் அரசு இணையதளத்தில் சரிபார்க்கப் பழக்குங்கள். அந்தச் செயலிகள் தவறையும் உறுதியான குரலில் சொல்லும்.

17. என்ன செய்தாலும் நேரடி வகுப்பைவிட இணைய வகுப்பு ஒரு படி குறைவுதானே?

அமெரிக்கக் கல்வித் துறை 2010இல் வெளியிட்ட பெரிய தொகுப்பாய்வு, இணையமும் நேரடியும் கலந்து படித்தவர்கள் நேரடியாக மட்டும் படித்தவர்களைவிடச் சற்று மேலாகச் செய்ததாகக் கண்டது. கலந்து படித்தவர்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன, அதனால் வெற்றியை இணையத்தின் கணக்கில் எழுத முடியாது என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருந்தது. ரிச்சர்ட் கிளார்க் 1983இலேயே இதைத்தான் சொன்னார்: மளிகைச் சாமான் கொண்டுவரும் லாரி நம் உடம்பின் ஊட்டத்தை மாற்றுவதில்லை, ஊடகமும் அப்படியே. அந்தக் கருத்தோடு மோதியவர்களும் உண்டு, ஆனால் தினசரி வேலைக்கு அது நல்ல துணை. இந்தப் பக்கத்தில் உள்ள யோசனைகளில் பெரும்பாலானவை மரத்தடி வகுப்புக்கும் பொருந்துவதைக் கவனித்திருப்பீர்கள். கையைப் பிடித்துக் காட்ட வேண்டிய இடங்கள் மட்டும் விதிவிலக்கு. தையல் இயந்திரத்தில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் ஒரு நாளாவது நேரில் போய்ப் பாருங்கள்.

18. வகுப்பு பயன்பட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கருத்துப் படிவத்தில் எல்லோரும் “மிக அருமை” என்றுதான் எழுதுகிறார்கள்.

டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் பயிற்சியை அளக்க நான்கு நிலைகளைச் சொன்னார்: பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் பயன்படுத்துகிறார்களா, அதனால் ஏதாவது மாறியதா. கருத்துப் படிவம் முதல் நிலையோடு நின்றுவிடுகிறது. நம் ஊரில் ஆசிரியர் முகத்துக்கு எதிரே குறை சொல்லமாட்டார்கள் என்பதால் அந்த முதல் நிலையையும் அது சரியாக அளப்பதில்லை.

3ஆம் கேள்வியில் சேமித்து வைத்த வரிகளை வகுப்பு முடிந்து மூன்று மாதம் கழித்து எடுங்கள். ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, “நீங்களே தனியாகச் செய்ய வேண்டும் என்று இதை எழுதியிருந்தீர்கள், இப்போது யார் செய்கிறார்கள்?” என்று கேளுங்கள். “இன்னும் ஆடிட்டர்தான்” என்று பதில் வந்தால், எந்தக் கட்டத்தில் கை நின்றது என்று கேட்டு அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாறு பேர் ஒரே கட்டத்தைச் சொன்னால், அடுத்த அணிக்கு அந்தப் பாடத்தை இரண்டாகப் பிரித்து நடத்துங்கள்.